நீ வகுப்பில் இல்லாத வருஷம்

சாமு அண்ணா,

இது அம்மாவும் நைனாவும் உனக்கு எழுதும் கடிதம். கை மட்டும்தான் என்னுடையது. ஃபோன் செய்தால் "ஷிஃப்ட்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அம்மா வாட்ஸப்பில் பேசி அனுப்பியது எதையும் நீ கேட்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிகிறது. அதனால் இன்று சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நான் சொல்லிக்கினே வரேன், நீ எழுது. காயிதத்த அவன் கட் பண்ண முடியாது இல்ல?" என்றாள். வாசலில் மீன் கழுவிக்கொண்டே சொல்கிறாள். நைனா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். நடுநடுவே அவரும் ஒரு வார்த்தை சொல்கிறார். நாளைக் காலையில் என் கம்பெனி வேன் புதுவாயல் கூட்டுரோட்டில் ஆள் ஏற்ற நிற்கும்போது, நீ சாப்பிடுகிற மெஸ் அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுவேன். உன் ரூமுக்கே வந்து கொடுக்கலாம்தான். நேரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் காலேஜிலிருந்து நைனா நம்பருக்குப் பேசினார்கள். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்கு யுனிவர்சிட்டி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கிறதாம். இதை விட்டால் இனி இல்லையாம். ஆனால் காலேஜ் மூடியிருந்த வருஷத்து ஹாஸ்டல் பாக்கியை இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் ஹால் டிக்கெட். உனக்கு மஸ்கட் விசா வந்துவிட்டதை நீ எங்களிடம் சொல்லவில்லை. மெஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பரீட்சைக்கு முன்னால் நீ விமானம் ஏறிவிட்டால் உன் படிப்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அம்மா எழுதச் சொன்ன முதல் வரி இது: "ஊட்டுக்கு வாடா. பரீட்சய எழுதிட்டு அப்பறம் எந்த ஊருக்கு வேணா போ, நான் கேக்க மாட்டேன்."

உனக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிய நாளை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் முதன்முதலாக டிகிரி படிக்கப் போகிற பிள்ளைக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, ஆனால் வீட்டில் வேறு யாரும் டிகிரி படித்ததில்லை என்று கிராம நிர்வாக அதிகாரி எழுதித் தர வேண்டும் என்றார்கள். அவர் விசாரிக்க நம் தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டு மாமாவிடம், "இவங்க குடும்பத்துல யாராவது பட்டதாரி இருக்காங்களா?" என்று கேட்டார். மாமா வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, "சார், இவங்க வம்சத்துல பத்தாவது தாண்டினவனே கெடையாது. தைரியமா கையெழுத்து போடுங்க. நான் கியாரண்டி" என்றார். தெருவே சிரித்தது. நைனாவும் சிரித்தார். வேறு எந்த நாளிலாவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். அன்றைக்கு அதுதான் அவருக்குப் பெருமையாக இருந்தது. நம் தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம், நைனா காலத்தில் கும்மிடிப்பூண்டி மில்லில் கம்பி இழுத்த குடும்பம், இனி உன்னிலிருந்து வேறு மாதிரி என்று அவர் நினைத்தார். வேப்பம்பட்டு தாண்டி இருந்த அந்தக் காலேஜுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டபோது, ஹாஸ்டல் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்புடா, நம்ம மில்லு கம்பி மாதிரிக் கீது" என்றாராம். நீதான் வந்து சொல்லிச் சிரித்தாய்.

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது கொரோனா வந்து காலேஜை மூடினார்கள். ஒரு பையோடு வந்தாய். பெட்டி, புத்தகம், மெத்தை எல்லாம் அங்கேயே. "ரெண்டு வாரம் லீவும்மா" என்றாய். அம்மா சந்தோஷமாகக் கோழி அடித்தாள். அந்த இரண்டு வாரம் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? மில் மூடியது. வட மாநிலத்து ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்கத்தா ரோட்டில் நடந்தே போனதை நாம் நின்று பார்த்தோம். நைனாவுக்குச் சம்பளம் நின்றது. அம்மா வேலை செய்த கம்பெனி கேன்டீன் அதோடு போனது. பிறகு நைனாவுக்கே காய்ச்சல் வந்து, பிழைத்து வந்தார். மூச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

மில் திறந்தபோது ஆள் இல்லை. அப்போதுதான் மேஸ்திரியின் வேன் நம் தெருவுக்குள் வந்தது. இதற்கு முன் வேலை கேட்டு நாம்தான் கேட்டில் நிற்போம். அந்த முறை அவர்களே ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கேட்டார்கள். மேஸ்திரி நைனாவைப் பார்த்து, "நீ மூச்சு வாங்கினுக்கீறியே, ஃபர்னஸ் பக்கம் நிக்க முடியுமா? புள்ள சும்மாதானே கீறான்? காலேஜுதான் மூடிக்கெடக்குதே. அவன் வந்தா உன் எடம் அப்பிடியே இருக்கும். காலேஜ் தொறந்தா போவட்டும்" என்றார். நம் தெருவில் மட்டும் பி.எஸ்ஸி. படித்தவன், டிப்ளமோ படித்தவன், நர்சிங் படித்தவன் எல்லோரும் அந்த வேனில் ஏறினார்கள். படிப்பு மூடியதால் சும்மா இருந்த பிள்ளைகளை மில்காரர்கள் நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நைனா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "எழுது. வேன்ல ஏறுடான்னு சொன்னது நான்தான். அவன் மூஞ்சிய நான் பாக்கல. என் எடம் போயிடுமேன்னுதான் பாத்தேன். அத அப்பிடியே எழுது." அம்மா, "இப்ப இன்னாத்துக்கு அது?" என்றாள். "நீ மீன கழுவு" என்றார் நைனா. எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். நைனாவுக்கு இன்றுதான் முழுதாகத் தெரிந்தது. உன் வகுப்புகள் ஃபோனில் தொடங்கின. நீ விடிவதற்குள் வேன் ஏறிவிடுவாய். வீட்டில் இருந்தது ஒரே ஃபோன். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள் என்றாய். "பேர் கூப்பிட்டா பிரசென்ட் சார்னு டைப் பண்ணு, அவ்ளோதான். பேச வேணாம்" என்று என்னிடம் ஃபோனைக் கொடுத்தாய். நான் அப்போது பத்தாவது. எங்கள் பள்ளியிலும் பாடத்தை அதே ஃபோனுக்குத்தான் அனுப்பினார்கள். ஜன்னல் கம்பியில் ஃபோனைக் கட்டினால்தான் சிக்னல் வரும். நான் அதன் கீழே உட்கார்ந்து உன் பெயரில் இன்ஜினியரிங் படித்தேன். உன் சிநேகிதர்கள் நடுவில் "மச்சி, தூங்கறியா?" என்று மெசேஜ் போடுவார்கள். நான் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிடுவேன். வெப்பவியல் எடுத்த சார் மட்டும் விட மாட்டார். "சாமுவேல், அன்மியூட் பண்ணி ஆன்சர் பண்ணுப்பா" என்பார். நான் உடனே நெட்டை அணைத்துவிடுவேன். அம்மா அடுப்படியிலிருந்து, "யார்டி அந்த வாத்தியாரு, எப்பப் பாரு எம்புள்ளயயே கூப்புடறாரு? வேற பசங்களே இல்லயா அவருக்கு?" என்பாள். அவர் நல்ல மனிதர் என்று இப்போது தோன்றுகிறது. நீ அங்கே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மில்லில் உனக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்தார்கள். "இன்ஜினியர் சார், அந்தக் கம்பிய இந்தாண்ட தூக்கிப் போடுங்க சார்", "இன்ஜினியர் சார், டீ வாங்கினு வாங்க சார்." முதலில் நீ வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாய். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாய். கையில் தீப்பொறி பட்ட இடங்களுக்கு அம்மா எண்ணெய் தடவும்போது தூங்கிவிடுவாய். அன்றைய பாடத்தைச் சொல்லலாம் என்று நான் காத்திருப்பேன். எழுப்ப மனம் வராது. காலேஜில் வகுப்பு ஃபோனில்தான், கட்டணம் மட்டும் பழையபடி முழுசு. நீ கம்பி தூக்கிய சம்பளம் அப்படியே அங்கே போனது. காலேஜுக்குக் கட்டுவதற்காகக் காலேஜைக் கவனிக்காமல் விட்டாய். அந்த நாட்களில் இது நம் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் பத்தாவது பரீட்சை எழுதவில்லை. எங்கள் வருஷத்தில் எல்லோரையும் பாஸ் என்று போட்டுவிட்டார்கள். பதினொன்றில் சேர்ந்தபோதும் வகுப்பு இரண்டு, ஃபோன் ஒன்றுதான். உன் பரீட்சை வந்தது, நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது, அம்மா புதிய வேலைக்குப் போனாள். யாரும் என்னைப் படிப்பிலிருந்து நிற்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் போகவில்லை, பிறகு ஒரு மாதம் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

காலேஜ் திறந்ததும் நீ ஷிஃப்டில் இருந்தாய் என்று நைனாவும் நானும் உன் பெட்டியை எடுத்துவரப் போனோம். மூடியிருந்த காலத்தில் அந்த ஹாஸ்டலை நோயாளிகளைத் தங்க வைக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் பெட்டிகளைத் தாழ்வாரத்தில் மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். ஆபீசில் ஒரு கிளார்க், மூடியிருந்த வருஷத்துக்கு ஹாஸ்டல் கட்டணம் பாக்கி என்றார். நைனா, "எம்புள்ள ஒரு நாளுகூட இங்க படுக்கலியே சார்" என்றார். "ரூம வேற யாருக்கும் குடுக்கலியே. உங்க பையன் பேர்லதானே வச்சிருந்தோம்" என்றார் அவர். "பேஷண்ட்டுங்க படுத்தாங்களே, அவங்ககிட்ட வாங்கலியா?" என்று நைனா கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "கேளுங்கண்ணா, நல்லாக் கேளுங்க" என்று சத்தம் போட்டார். கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "யப்பா, எனக்கே இங்க பாதிச் சம்பளம்தான். எங்கிட்ட இன்னா கேக்கற?" என்றார். நைனா குவியலில் உன் பெட்டியைத் தேடி எடுத்தார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அதற்குள் புத்தகங்கள் ஈரம் பட்டு ஒட்டிப்போயிருந்ததை உனக்கு நாங்கள் அப்போது சொல்லவில்லை. பாதி புத்தகத்தைப் பிரிக்கவே முடியவில்லை.

மறுபடியும் நேரில் பரீட்சை வைத்தார்கள். உன்னால் முடியவில்லை. ஒரு வருஷத்துப் பாடத்தை உன் பெயரில் வேறொருத்தி கேட்டிருந்தால் உனக்கு எப்படி வரும்? ஒன்றில் போய், இன்னொன்றில் போய், அரியர் சேர்ந்தது. மில்லை விட்டால் வீடு நடக்காது, விடாவிட்டால் பாஸாக முடியாது. நைனாவுக்கு அது புரியவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "எங்க ஊட்ல பரீட்ச எழுதாமலே பாஸானவ ஒருத்தி, எழுதி எழுதி பாஸாவாதவன் ஒருத்தன்" என்றார். சிரிப்புக்குத்தான் சொன்னார். நீ கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாய். "வேன்ல ஏத்தி உட்டது யாரு நைனா?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த வாரம் புதுவாயலில் ரூம் எடுத்துவிட்டாய். பணம் மாதாமாதம் வருகிறது. நீ வருவதில்லை.

இப்போது அம்மா சொல்வதை எழுதுகிறேன். "பாலைவனத்துல தண்ணி நெறயக் குடி. அங்க யாரயும் நம்பி பாஸ்போர்ட்ட குடுத்துடாத. மொதலாளி கேட்டாலும் காப்பி எடுத்து வச்சுக்கோ. டப்பு சேர்ந்தா சிநேகிதனுக்குக் கடன் குடுக்காத. உங்க நைனா மாதிரி ஏமாளியா இருக்காத." நைனா, "நான் இன்னா ஏமாந்தேன்?" என்றார். "உங்கள கட்டினு வந்தப்பவே நான்தான் ஏமாந்தேன், அத எழுத வேணாம்டி" என்றாள். எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அம்மா குரலை இறக்கி, "இதெல்லாம் பரீட்சக்கு அப்பறம்னு எழுது. எட்டு பேப்பரா, பத்து பேப்பரா, எனக்குத் தெரியாது. எத்தனயா இருந்தாலும் எழுதிட்டுப் போவட்டும். எங்கயோ கொளுத்தற வெயில்ல நின்னாலும் டிகிரி படிச்சவன்னு நிப்பான் இல்ல?" என்றாள்.

நைனா நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. "கோவம்னா என்மேல வச்சிக்கட்டும். படிப்பு மேல வைக்க வேணாம்னு சொல்லு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கி, "தட்டுக்கு முன்னாடி அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். அவர் அவ்வளவு சொன்னதே அதிகம். உனக்கே தெரியும்.

அம்மா மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "இன்னாடி இன்னும் எழுதற? நான் சொன்னது அவ்ளோதானே" என்று அங்கிருந்து கேட்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். இனி வருவது நான் சொல்வது.

கம்பெனியில் என் லைனில் பக்கத்தில் நிற்கிற பானு, பொன்னேரியில் ஒரு டுடோரியலில் சேர்ந்து பன்னிரண்டாவது தனித்தேர்வு எழுதப் போகிறாள். காலை ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வகுப்பு. என்னையும் கூப்பிட்டாள். நான் அங்கே போய் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன். மறுபடி போய் விசாரித்தேன். இந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால்தான் இந்த வருஷம் பரீட்சை. மேலே படிக்கும்போது உன் மாதிரிச் சலுகை கிடைக்குமா என்று இ-சேவை மையத்து அக்காவிடம் கேட்டேன். "உங்க ஊட்ல யாராவது அந்தச் சான்றிதழ் வாங்கியிருக்காங்களா?" என்றார். அண்ணன் வாங்கினான், ஆனால் படிப்பை முடிக்கவில்லை என்றேன். "முடிச்சா இன்னா, முடிக்கலன்னா இன்னா. ஊட்டுக்கு ஒருத்தருக்குத்தான்மா. எடுத்தாச்சு இல்ல?" என்றார். நான் உன்னைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

என் தீபாவளி போனஸ் மொத்தமும் அம்மாவிடம் இருக்கிறது. ஏதாவது தங்கம் வாங்கலாம் என்று கொடுத்தேன். காலேஜிலிருந்து ஃபோன் வந்த அன்றே அம்மா அதை உன் ஹாஸ்டல் பாக்கிக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டாள். "அண்ணனுக்குத்தானே" என்றாள். நான் தலையாட்டினேன். டுடோரியலைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் எப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. கொடுக்க மனமில்லை என்று நினைக்காதே. நீ பரீட்சை எழுதுகிறாய் என்றால் மறுநாளே போய்க் கட்டிவிட்டு வருகிறேன். உண்மையாகச் சொல்கிறேன். எனக்கு அடுத்த வருஷம் இருக்கிறது. உனக்கு இல்லை.

ஆனால் நீ எழுதப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, அம்மாவின் அழுகைக்குப் பயந்து ஒன்றும் சொல்லாமல் விமானம் ஏறிவிடாதே. நீ சொல்லாத வரைக்கும் அம்மா வழி பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். கடைசி நாளில் போய்ப் பணத்தைக் கட்டிவிடுவாள். நீ படுக்காத அந்தக் கட்டிலுக்கு அந்தப் பணமும் போய்விடும். பரீட்சை எழுத ஆளில்லாத ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து நைனாவிடம் காட்டுவாள். உன்னால் முடியவில்லை என்றால் அது தப்பில்லை. நீ எப்படி வேலை செய்தாய் என்று பார்த்தவள் நான்தான். முடியாது என்பதை வாய் திறந்து சொல்வது மட்டும்தான் பாக்கி.

நீ எழுத மாட்டாய் என்று நானே அம்மாவிடம் சொல்லிவிடலாம். எத்தனையோ முறை வாயெடுத்தேன். நான் சொன்னால், பணம் எனக்கு வேண்டும் என்பதற்காக உன் படிப்பை முடித்துவைத்தவள் ஆகிவிடுவேன். அம்மா அப்படி நினைக்க மாட்டாள். எனக்குத்தான் அப்படித் தோன்றிக்கொண்டே இருக்கும். அதனால் நீ சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் வீட்டில்தான் இருப்போம். நீ கதவைத் தட்டி எழுதுகிறேன் என்றாலும் சரி, எழுதவில்லை என்றாலும் சரி. நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பேன். வெளியே வர மாட்டேன். எந்தப் பதில் என்றாலும் என் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை.